மீனுக்குப் போய் வாங்கிய பெட்டி

லண்டன் எட்மண்டன் கிரீன் சந்தைக்கு மீன் வாங்கப் போனவன், ஆம்ஸ்ட்ராட் ஜிஎக்ஸ்4000 பெட்டியோடு வீடு திரும்பினேன்.

ஆலன் சுகரின் நிறுவனம் 1990இல் ஏறக்குறைய 100 பவுணுக்கு இறக்கிய வீடியோ விளையாட்டுப் பெட்டி இது. உள்ளே பழைய எட்டு பிட் சில்லு. அதே ஆண்டு போட்டிப் பெட்டியான சேகா மெகா டிரைவ் பதினாறு பிட்டோடு பிரித்தானியாவுக்கு வந்துவிட்டது. பிறகென்ன? ஜிஎக்ஸ்4000க்கு முப்பது விளையாட்டுகூடத் தேறவில்லை.

இன்று இதற்கு உயிர் கொடுப்பவர்களுக்குப் பெரிய தலையிடி, விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜ்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் 'ஆசிட்' என்றொரு பூட்டுச் சில்லு. அது சரியான பதில் சொன்னால்தான் விளையாட்டு ஒழுங்காக ஓடும். ஆர்வலர்கள் அந்தப் பதிலைத் துருவித் துருவிக் கண்டுபிடித்து, சி4சிபிசி என்ற புதுக் கார்ட்ரிட்ஜைச் செய்தார்கள். விளையாட்டை மெமரி கார்டில் ஏற்றி அதில் செருகினால் போதும். ஆம்ஸ்ட்ராட் சிபிசி கணினிக்கு எழுதிய விளையாட்டுகளையும் இந்தப் பெட்டிக்கு மாற்றுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தானே.

என் பெட்டியில் முதலில் கறுப்புத் திரைதான். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, கார்ட்ரிட்ஜின் பற்களைத் துடைத்தேன். பச்சையாய் அழுக்கு வந்தது. மூன்றாம் தரம் 'பர்னிங் ரப்பர்' பந்தய விளையாட்டின் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மனுசி எட்டிப் பார்த்தாள். "மீன் எங்கையப்பா?"