பழைய கம்ப்ரஸர் வாங்கும் முன்



முதல் வாசகம் வாசிக்க வரும் சிறுமி மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று முணுமுணுக்கிறாள். அடுத்து வரும் பெரியவர் மைக்கை விழுங்கிவிடுவதுபோல் நின்று முழங்குகிறார். கடைசி வரிசைப் பாட்டிக்கு முதலாவது எட்டவில்லை, இரண்டாவது காதைக் குத்துகிறது. திருப்பலியில் வாசகங்கள் எல்லார் காதிலும் விழவேண்டும் என்பதற்காகவே, தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளும்படி திருப்பலி நூலின் பொது விதிமுறை 311-ஆம் எண்ணில் திருச்சபை சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட கருவிகளில் ஒன்று கம்ப்ரஸர்.

அது செய்வது எளிது. ஓர் எல்லையை வைக்கிறோம். குரல் அதைத் தாண்டினால் கருவி அமுக்குகிறது. மூன்றுக்கு ஒன்று என்று வைத்தால், எல்லைக்கு மேலே 9 டெசிபெல் ஏறிய குரல் 3 டெசிபெல் மட்டுமே ஏறியதாக வெளியே வரும். ஆக, பெரியவரின் முழக்கம் அடங்கும். சிறுமியின் குரல் உயருமா? தானாக உயராது. அதற்காகக் கருவியின் கெயினைத் திருகி மொத்த ஒலியையும் ஏற்றினால், மைக் கூவத் தொடங்கும். ஸ்டுடியோவில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கோவிலில்தான் உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலே ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். இதற்குக் காசு வேண்டாம், வாசகர்களுக்கு ஒரு சனிக்கிழமை மாலைப் பயிற்சி போதும். அதை முடித்த பிறகே காணிக்கைப் பணத்தில் கை வைப்போம்.

டிஜிட்டல் மிக்ஸருக்குள்ளேயே கம்ப்ரஸர் வந்துவிட்டதால், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பழைய அனலாக் பெட்டிகளைக் கழித்துவிடுகிறார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டித் திட்டக்குடியில் விசாரித்தாலும், பெரம்பலூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ தேடினாலும், நாம் கேட்கவேண்டிய பெயர்கள் சிலவே. 1971-இல் அமெரிக்காவில் டேவிட் பிளாக்மர் தொடங்கிய டிபிஎக்ஸ் நிறுவனத்தின் 166, 266 வரிசைப் பெட்டிகள் குரலுக்கு நம்பகமானவை. பெரிங்கர், அலெசிஸ் பெட்டிகளும் நம் தேவைக்குப் போதும். எல்ஏ-2ஏ போன்ற வால்வுப் பெட்டிகளின் புகழைக் கேட்டு மயங்கவேண்டாம். பாஸ்கா நாடகத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப்போக அவை ஆகா.

பெட்டி கைக்கு வந்ததும் முதலில் பின்பக்கம் பார்ப்போம். 115 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெளிநாட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். அலெசிஸ் 3630-க்குத் தனி அடாப்டர் உண்டு. அது 9 வோல்ட் ஏசி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டிசி அடாப்டரைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள்.

பிறகு அரைமணி நேரம் ஓடவிடுவோம். பழைய கெப்பாசிட்டரின் 'ஊம்' ஓசை வருகிறதா என்று கேட்போம். ஒவ்வொரு குமிழையும் திருகிப் பார்த்தால் கரகரப்பு தெரியும். கொஞ்சம் கரகரத்தால் பாதகமில்லை, சுத்தம் செய்தால் போய்விடும். திருகும்போது ஒலியே அறுந்தால் விலையைக் குறைத்துக் கேட்கவேண்டும். இரண்டு சேனல் பெட்டியாக இருந்தால், ஒரே மைக்கை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் மாட்டி, குமிழ்களை ஒரே அளவில் வைத்து, ஒரே ஆளைப் பேசச் சொல்வோம். விளக்குகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் எரியவேண்டும். ஒன்று அமுக்கி மற்றொன்று சும்மா இருந்தால், உள்ளே பழுது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பைபாஸ் பொத்தானை அழுத்தியும் கேட்போம்: கருவி வேலை செய்யும்போது மட்டும் இரைச்சல் கூடுகிறதா? முடிந்தால் பணம் கொடுக்குமுன் நம் கோவிலிலேயே ஒருநாள் மாட்டிப் பார்க்கக் கேட்போம். நல்ல வியாபாரி மறுக்கமாட்டார்.

இன்னொன்று. நம் மிக்ஸரில் 'இன்சர்ட்' என்ற துளை இருக்கிறதா என்று புறப்படுமுன்பே பார்த்துக்கொள்வோம். கம்ப்ரஸரை மாட்டும் வழி அதுதான். ஒருமுனை ஸ்டீரியோ பின்னாகவும் மறுமுனை இரண்டு மோனோ பின்னாகவும் பிரியும் கேபிள் அதற்கு வேண்டும். அதையும் பெட்டியோடு சேர்த்தே கேட்டு வாங்குவோம்.