பனி வாரும் பொறிக்குப் புதிய விளக்கு

கொழும்பு மாநகரில் வெண்பனி பொழிந்ததை எவரும் கண்டதில்லை. நுவரெலியாவில் தை மாசிக் காலைகளிற் புல்நுனியிற் படியும் உறைபனியைக் காண்பதற்கே நம்மவர் குளிர்ச்சட்டை அணிந்து பயணம் போகின்றனர். ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வெண்பனி இன்று வீட்டுச் செய்தியாகிவிட்டது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர்ப் புலம்பெயர்ந்தோருட் பெருந்தொகையினர் கனடாவின் ரொறன்ரோ நகரையும் அதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவையும் தம் ஊராக்கிக் கொண்டனர். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் இங்கே விடியற்காலை 5 மணிக்குக் கோயில் மணி ஒலிக்கும்போது அங்கே முந்திய நாள் மாலை 6.30 மணி. தாயார் தொலைபேசியில் அழைத்தால், "அம்மா, பிறகு கதைக்கிறன், வாசலிலை சினோ குவிஞ்சு கிடக்கு" என்று மகன் விடை தருகின்றான்.

அவ்வேளையில் அங்கே நல்ல இருட்டு. ரொறன்ரோ ஏறத்தாழ 43 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. மார்கழியில் அங்கே சூரியன் உதிக்கக் காலை 7.30 மணிக்கு மேலாகும், மாலை 4.45 மணியளவில் மறைந்துவிடும். வேலைக்குச் செல்பவன் புறப்படுமுன் வாசலைத் துப்புரவாக்கினும் இருள். திரும்பி வந்து துப்புரவாக்கினும் இருள். போதாக்குறைக்குத் தெருவைச் சுத்தஞ்செய்யும் நகரசபை வாகனம், தெருப்பனியை ஒதுக்கி அவன் வாயிலிலேயே ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போய்விடும். இந்த வரம்பு பஞ்சுபோன்ற பனியன்று. உப்பும் நீரும் கலந்து இறுகி, மண்வெட்டியையே வளைக்க வல்லது.

இதற்கென அமைந்ததே பனி வாரும் பொறி. முதலில் இதனை வேண்டி நின்றவை புகைவண்டிப் பாதைகள். பனியை வாரி எறியும் சுழற்பொறியொன்றை 1869இல் வரைந்து தந்த ஜே. டபிள்யூ. எலியட் என்பவர் ரொறன்ரோவிற் பல் வைத்தியராகத் தொழில் புரிந்தவர்! பல்லைப் பிடுங்கிய கை பனியைப் பிடுங்கவும் வழி தேடியது. வீதிக்கு ஏற்ற பொறியைக் கியூபெக் மாகாணத்தவரான ஆதர் சிக்கார் 1925இல் உருவாக்கினார். மொன்றியலை அடுத்த ஊத்ரமோன் நகரம் 1927இல் அதனை வாங்கியது. வீட்டு முற்றத்தில் ஒருவர் பின்னின்று தள்ளிச் செல்லும் சிறிய பொறிகள் அதன் பிற்காலத்துப் பிள்ளைகள்.

அதன் அமைப்பை நம் நாட்டார் எளிதில் விளங்கிக்கொள்வர். வன்னி வயலில் உழும் இருசில்லு உழவு இயந்திரத்தை, நம்மவர் 'லாண்ட்மாஸ்டர்' என்பதை, மனத்தில் நிறுத்துக. அதேபோல் இரு கைபிடிகள். அதேபோல் ஒரு சிறிய எஞ்சின். கலப்பை பின்னால் இல்லை. முன்னால் ஓர் இரும்புப் பெட்டியினுள் பெரிய திருகு சுழல்கின்றது. அது பனியைக் கடித்து நடுவே தள்ளும். அங்கே வேகமாகச் சுழலும் விசிறி அதனை ஒரு தூம்பின் வழியாகப் பல மீற்றர் தூரம் வீசிவிடும்.

இனி விளக்குக்கு வருவோம். எமது பழைய மாணவர் ஒருவர், பிறப்பால் வெள்ளவத்தையார், இப்போது ஸ்காபரோவாசி, சென்ற மாரியில் எமக்கு ஒரு வினா எழுதியிருந்தார். அவருடைய பொறி பழையது. அதிலிருந்த சிறு மின்குமிழ் மங்கலாகவே எரிந்தது. அதனை எடுத்துவிட்டு 'எல்.ஈ.டி.' வேலைவிளக்குகள் இரண்டைப் பூட்டினார். ஒளி வந்தது, ஆனால் துடித்தது. வேகத்தைக் குறைத்தால் துடிப்பு மிகுந்தது. "விளக்குப் பழுதா, பொறி பழுதா?" என்பதே அவர் வினா. இரண்டும் பழுதில்லை என்று எழுதினோம்.

இதனை விளங்கிக்கொள்ள அவருடைய பேரனாரின் சைக்கிளைத் துணைக்கு அழைக்கலாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் 'டைனமோ' பூட்டிய சைக்கிளில் இராக்காலம் சென்றவர்கள் அறிவர்: மிதித்தால் வெளிச்சம், ஓய்ந்தால் மங்கல், நின்றால் இருள். சில்லுடன் சுழலும் காந்தம் கம்பிச்சுருளில் மின்னைப் பிறப்பிக்கின்றது. பனிப்பொறியிலும் அதுவே நடைபெறுகின்றது. எஞ்சினின் சுழற்சில்லிற் பதித்த காந்தங்கள் ஒரு சுருளைக் கடந்து ஓடுகின்றன. அவ்வாறு பிறப்பது ஆடலோட்டம், அதாவது செக்கனுக்குப் பலமுறை திசை மாறும் மின்னோட்டம். பழைய மின்குமிழுக்கு இதனால் இடரில்லை. ஓட்டம் திசை மாறும் கணத்தில் அதன் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். கண்ணுக்கு ஒரே ஒளியாகத் தெரியும்.

புதிய விளக்கின் இயல்பு வேறு. பாடநூல்கள் 'ஒளிகாலும் இருவாயி' என வழங்கும் இப்பொருள் ஒரு திசையில் மட்டுமே மின்னை ஏற்கும். மறுதிசையில் ஓட்டம் வரும்போது அணைந்துவிடும். சூட்டை நம்பி ஒளிர்வதில்லையாதலால் அணைவதும் உடனே, எரிவதும் உடனே. எனவே ஆடலோட்டத்தில் நேரே இணைத்தால் அது எரிகின்றது, அணைகின்றது, மீண்டும் எரிகின்றது.

துடிக்கும் ஒளியாற் கண் கூசும் என்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. திரைப்படத்தில் ஓடும் வண்டியின் சில்லு சில வேளைகளில் நின்றதுபோலவும் பின்னோக்கிச் சுழல்வதுபோலவும் தோன்றுவதை மாணவர்கள் கண்டிருப்பர். விட்டுவிட்டு வரும் ஒளியிலும் அதே மயக்கம் நேரும். கடைச்சற் பட்டறைகளிற் சுழலும் பொறியருகே துடிக்கும் விளக்கு ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான். பனிப்பொறியின் விளக்கு அதே எஞ்சினின் சுழற்சியோடு தாளம் ஒத்துத் துடிக்கின்றது. விசிறியும் அதே எஞ்சினாலேயே சுழல்கின்றது. தூம்பின் வாயூடு நோக்குபவருக்கு விசிறி மெல்லச் சுழல்வதாகவோ நின்றுவிட்டதாகவோ தோன்றக்கூடும். மெய்யில் அது விரலைத் துணிக்கும் வேகத்திற் சுழன்றுகொண்டிருக்கும்.

ஈரப்பனி தூம்பை அடைப்பது அடிக்கடி நிகழ்வது. அவசரக்காரர் கையை விடுவர். வட அமெரிக்க வைத்தியசாலைகள் மாரிதோறும் காணும் கைக்காயங்களுட் பல இவ்வாறு நேர்ந்தவை. எஞ்சினை நிறுத்திய பின்னருங்கூட, இறுகிய பனியில் முறுகி நின்ற திருகு அடைப்பு நீங்கியதும் ஒரு துள்ளுத் துள்ளும். ஆகவே எஞ்சினை முற்றாக நிறுத்தி, சுழல்வன யாவும் ஓயும்வரை பொறுத்து, கோல் கொண்டே அடைப்பை நீக்கல் வேண்டும். கோலை உடன்வைத்தே பல பொறிகள் விற்கப்படுகின்றன. கண்ணை ஏமாற்றும் விளக்கைப் பூட்டுவதிலும் மங்கிய பழைய குமிழே நன்று என்பது எமது கருத்து.

ஆயின் திருத்தம் கடினமானதன்று. நான்கு இருவாயிகள் சேர்ந்த பாலச் சீராக்கி ஒன்றைச் சுருளுக்கும் விளக்குக்கும் இடையே வைத்தால் எந்தத் திசையில் வந்த ஓட்டமும் ஒரே திசையில் வெளிப்படும். அலைக்கு அலை உள்ள பள்ளத்தை நிரப்பக் கொள்ளளவி ஒன்று வேண்டும். வீட்டுக் கூரையில் நீர்த்தொட்டி வைத்திருப்போர் இதன் பயனை உடனே உணர்வர்: குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டியிலிருந்து ஒழுக்கு அறாது. ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். சீராக்கிய மின்னின் உச்சம் ஆடலோட்ட அளவின் 1.4 மடங்கு வரை எழும். 12 உவோற்று என்பது 17ஐத் தொடும். எஞ்சின் முழு வேகத்தில், அதாவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 3600 சுற்றில், ஓடும்போது அதனினும் மிகலாம். ஆதலால் 10 முதல் 30 உவோற்று வரை தாங்குமெனக் குறித்த விளக்கையே தேர்தல் வேண்டும். கொள்ளளவியின் தாங்குதிறனும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும்.

சுருள் தரக்கூடிய வலுவுக்கும் எல்லை உண்டு. சில பொறிகளில் அது 18 உவாற்று மட்டுமே. பழைய ஹலஜன் குமிழ் அந்த 18 உவாற்றையும் உண்டு 300 லூமன் அளவே ஒளி தரும், மிச்சமெல்லாம் வெப்பம். எல்.ஈ.டி. அதே வலுவில் ஐந்து மடங்கு ஒளியைத் தரவல்லது. இத்தகைய வெள்ளொளிக்கு வழி திறந்தது நீல எல்.ஈ.டி.யின் வருகை. சிவப்பொளி தரும் எல்.ஈ.டி.யை அமெரிக்கரான நிக் ஹொலொனியக் 1962இலேயே ஆக்கிக் காட்டினார். நீலமோ மூன்று தசாப்தங்கள் அறிஞரை அலைக்கழித்தது. ஜப்பானில் அதனை வென்ற அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா மூவருக்கும் 2014இற் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மீது மஞ்சளாய் ஒளிரும் பூச்சொன்றை இட்டால் வெள்ளை பிறக்கின்றது. பனியை வாரும் தொழிலாளி அப்பரிசின் பயனை முற்றத்திலே அனுபவிக்கின்றான்.

எமது மாணவர் சீராக்கியைப் பூட்டினார், துடிப்பு நின்றது. ஆனாற் பனி பொழியும் இரவில் வேறொரு முறைப்பாடு வந்தது: "முன்னே வெள்ளைச் சுவர்போலத் தெரிகிறது, சேர்!" விளக்குகளைக் கைபிடியின் மேலே, கண்ணுக்கு அண்மையில் பூட்டியிருந்தார். ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்கு மூடுபனியில் வாகனம் செலுத்தியவர்கள் பெருவிளக்கைப் போட்டதும் பாதை மறைந்துபோவதை அறிவர். காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியை வந்த வழியே கண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. மஞ்சள் விளக்குப் போட்டால் தீரும் என்று சிலர் கூறுவர். பனித்துகள் ஒளியலையினும் மிகப் பெரிதாகையால் நிறத்தை மாற்றுவதாற் பெரும்பயன் விளைவதில்லை. கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே. விளக்கின் இடத்தை மாற்றுவதே மருந்து. முன்பெட்டியின் இரு பக்கங்களிலும் தாழ்வாக, சற்றே நிலம் நோக்கி, தூம்பு வீசும் வழிக்கு விலகிப் பூட்டினால் ஒளி கண்ணுக்குத் திரும்புவது குறையும். சாய்ந்து விழும் ஒளியிற் பனியின் மேடு பள்ளங்களுக்கு நிழல் உண்டாகும். செய்தித்தாட் கட்டும், குழந்தையின் விளையாட்டுப் பொருளும், நீர்க்குழாயும் அந்த நிழலாலேயே தெரியவரும். வெள்ளைமேல் வெள்ளை ஒளியை நேரே வாரி இறைத்தால் யாவும் தட்டையாகிவிடும்.

இன்னுமொரு விந்தை. பழைய குமிழின் வீண்வெப்பம் தன் கண்ணாடியிற் படிந்த பனியை உருக்கிக்கொண்டிருந்தது. சிக்கனமான புதிய விளக்கின் முகம் குளிர்ந்தே இருக்கும். பனி ஒட்டி மூடிவிடும். தெருச் சமிக்ஞை விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றிய அமெரிக்க நகரங்கள் சில, சிவப்பும் பச்சையும் தெரியாமற் பனி மூடிக்கொண்டதை 2009 அளவில் இவ்வாறே கண்டன. வீட்டுப்பொறிக்கு வழி எளிது: விளக்கின் முகத்துக்கு மேலே சிறு தகட்டு விளிம்பொன்று, சட்டைப்பையில் ஒரு துணி.

மற்றவை சில்லறைக் காரியங்கள். எஞ்சின் அதிர்வில் நட்டுகள் கழலும். நைலோன் வளையம் பதித்த நட்டும் ரப்பர் வளையமும் இடுக. சாதாரண வயரின் உறை கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். சிலிக்கன் உறையிட்டது தாங்கும். புகைக்குழாய்க்கு அருகே வயரைக் கொண்டுபோகலாகாது. ஓர் உருகியும் நீர்புகா ஆளியும் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் புதிய பொறிகளை வாங்குவோருக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. விளக்கு உடன் வருகின்றது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் முச்சக்கர வண்டிகளுக்கென இத்தகைய விளக்குகள் குவிந்து கிடக்கின்றன. மகனுக்கென ஒரு சோடியை முறுக்குப் பொதியோடு பெட்டியில் வைத்தனுப்ப விரும்பும் தந்தையர், 'ஐ.பி. 67' என்ற முத்திரை உண்டா எனப் பார்த்து வாங்குவாராக. தூசு புகாது, 1 மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். பூட்டுகின்ற வேலையை ஐப்பசியிலேயே, முதற்பனிக்கு முன்னர், முடித்துவிடும்படி சொல்லி வைப்பதும் நலம். எஞ்சினைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து, இருட்டியபின் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். பாகை பத்துக்குக் கீழே உறைந்த இரவிற் கையுறையோடு நட்டு முடுக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் நட்டு விரலில் ஒட்டும்.