அஸ்வின்: பூஜ்யத்துக்கு அப்புறம் என்ன பண்ணார்?

ஓஎம்ஆர்ல கேளம்பாக்கம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போனா, காலவாக்கத்துல எஸ்எஸ்என் இன்ஜினியரிங் காலேஜ் வரும். செங்கல்பட்டு மாவட்டம்தான். ரவிச்சந்திரன் அஸ்வின் அங்கதான் ஐடி படிச்சார்.

106 டெஸ்ட், 537 விக்கெட். இந்திய பவுலர்கள்ல கும்ப்ளேவோட 619-க்கு அடுத்த இடம். ஆனா இன்னிக்கு நாம பேசப்போறது ஒரு பூஜ்யத்தைப் பத்தி.

2013 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க் டெஸ்ட். அஸ்வினுக்கு ஒரு விக்கெட்கூட விழலை. அடுத்த டெஸ்ட்ல டீம்லயே இல்லை. நம்ம கோட் ஓடலைன்னா முதல்ல சர்வரைத்தான் திட்டுவோம். அவர் பிட்ச்சைத் திட்டிட்டு நிக்கலை. தன்னோட பவுலிங் ஆக்‌ஷனையே பிரிச்சு மேய்ஞ்சார்.

ஆஃப் ஸ்பின்னரோட வேலை பந்தைத் திருப்புறது மட்டும் இல்லை. கிரீஸ்ல எங்கிருந்து போடுறோம், எவ்வளவு வேகம், தையல் எந்தப் பக்கம் பார்க்குது, எல்லாத்தையும் மாத்தணும். பந்து திரும்பும்னு பேட்ஸ்மேன் ஆடுவார். அது நேரா வந்து பேட்ல அடிக்கும், எல்பிடபிள்யூ! கூடவே தெருவுல டென்னிஸ் பால்ல பழகின, நடுவிரலால சுண்டிவிடுற கேரம் பால்.

ரிசல்ட்? 2017 நவம்பர்ல, 54-வது டெஸ்ட்லயே 300 விக்கெட். டென்னிஸ் லில்லி 56 டெஸ்ட்ல எடுத்த சாதனை உடைஞ்சது.

இருந்தும் 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல, தரவரிசையில நம்பர் 1 பவுலரா இருந்த அவரை வெளிய உட்கார வெச்சாங்க. 2024 டிசம்பர்ல, ஆஸ்திரேலியா தொடர் நடுவுலயே பிரிஸ்பேன்ல ஓய்வை அறிவிச்சார்.

பந்தை அவரால சரிபண்ண முடிஞ்சது. பதினோரு பேர் பட்டியல் எப்பவும் வேற யாரோ கையிலதான் இருந்தது.