ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கும் சிகிச்சை: கணையப் புற்றுநோயும் உணவும்

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போது?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: "ஆபரேஷனைத் தாங்கும் சத்து உடம்பில் இருக்கிறதா?" நோயாளி எத்தனை காலம் உயிரோடு இருப்பார் என்பதோடு இதற்கு நெருங்கிய தொடர்பு இருப்பதால், இந்த இதழில் அதை விளக்குகிறோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது அதன் ஒரு வேலை. சாப்பிட்டதைச் செரிக்க வைக்கும் நொதிகளைச் சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொரு வேலை. கட்டி கணையக் குழாயை அடைத்தால் நொதிகள் குடலுக்கு வராது. அப்போது கொழுப்பு செரிக்காமல், மலம் எண்ணெய்ப் பசையோடும் கடும் நாற்றத்தோடும் போகும். பித்தக் குழாயும் அடைபட்டால் மஞ்சள் காமாலை, அரிப்பு, பசியின்மை ஆகியவை வரும். வைட்டமின் கே உடம்பில் சேராததால் இரத்தம் உறைவதும் தாமதமாகும். இவற்றோடு, புற்றுநோய் உண்டாக்கும் அழற்சி தசையைக் கரைக்கிறது. அதனால் நோயைக் கண்டுபிடிக்கும்போதே பலர் பல கிலோ எடை இழந்திருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் பெரிய அறுவை நடக்கிறது. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் 'விப்பிள்' என்னும் அறுவையைச் செய்கிறார்கள். கணையத்தின் தலைப்பகுதி, சிறுகுடலின் தொடக்கப் பகுதி, பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மீதியுள்ள உறுப்புகளைக் குடலோடு தைத்து இணைக்கிறார்கள். அந்தத் தையல்கள் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். ஆறாமல் கசிந்தால் தொற்று ஏற்பட்டு, வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே இருக்க நேரும். நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்க அறுவைக்குப் பிறகு கீமோதெரபி தருவார்கள். மெலிந்து போன உடம்பால் அதைத் தொடங்கவோ முடிக்கவோ இயலாமல் போகலாம். உணவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை இங்கேதான் தெளிவாகப் பார்க்கிறோம்.

மருத்துவ உலகம் இதை நெடுநாளாக அறியும். 1936-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டட்லி, குடற்புண் அறுவை செய்துகொண்டவர்களின் எடையைக் கவனித்தார். முன்பே 20 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். மற்றவர்களில் இறந்தோர் 4 சதவீதத்துக்கும் குறைவு. 1984-இல் ஜப்பானிய மருத்துவர் ஒனோடெரா எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். இரத்தத்தில் உள்ள ஆல்புமின் அளவை 10-ஆல் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். ஆல்புமின் 4.0, லிம்போசைட் 2,000 என்றால் விடை 50. ஆல்புமின் 3.0, லிம்போசைட் 1,500 என்றால் 37.5. விடை 40-க்கும் கீழே இருந்தால் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்றார் அவர். கணையப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த பல ஆய்வுகளிலும், இந்த எண் குறைவாக இருந்தவர்களுக்குச் சிக்கல்கள் அதிகமாகவும் ஆயுள் குறைவாகவும் இருந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஆல்புமின் குறைவது சத்துக் குறைவால் மட்டுமல்ல, நோயின் கடுமையாலும்தான். ஆனாலும் நோயின் கடுமை நம் கையில் இல்லை. உணவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. சத்துக் குறைவு கடுமையாக இருந்தால், புற்றுநோயாக இருந்தாலும் 7 முதல் 14 நாள் வரை அறுவையைத் தள்ளிவைத்து ஊட்டம் தரலாம் என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. டாக்டர் அப்படிச் சொன்னால் "நாள் வீணாகிறது" என்று பதற வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

எடை: மருத்துவ உதவி கேட்டு எங்களிடம் வரும் குடும்பங்களிடம் ஸ்கேன் அறிக்கை இருக்கும், செலவுக் கணக்கு இருக்கும், எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 57-க்கும் கீழே போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 54-க்கும் கீழே போனால் அது கடுமையான இழப்பு.

புரதம்: வெறும் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்துப் பத்தியம் வைக்காதீர்கள். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 72 கிராம். இரண்டு முட்டை, சமைத்த கோழிக்கறி 100 கிராம், மீன் 100 கிராம், இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், ஒரு கிண்ணம் பருப்பு ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். மூன்று வேளையாகச் சாப்பிட முடியாவிட்டால் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உணவு ஆலோசகரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

நொதி மாத்திரை: செரிமானத்துக்குக் கணைய நொதி மாத்திரை எழுதித் தருவார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். இந்த நொதி பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இது தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டால், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் எடை மேலும் குறையும். மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் நிலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேளுங்கள். இருவரிடமும் பேசிய பிறகு முடிவெடுங்கள்.

நோன்பு: நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை இருக்கிறது. அறுவைக்குக் காத்திருக்கும் அத்தாவோ அம்மாவோ "ஒன்றும் ஆகாது, பிடிக்கிறேன்" என்று சொன்னால், அன்போடு எடுத்துச் சொல்லித் தடுங்கள். களா செய்வதா, பித்யா கொடுப்பதா என்பதை ஆலிம் சொல்வார்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக் கொண்டு போங்கள். ஆல்புமின் எவ்வளவு? உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா? நொதி மாத்திரை தேவையா? இவற்றைக் கேட்பதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. அறுவைக்கு நாள் குறித்த பிறகு கேட்பதைவிட, அதற்கு முந்தைய வாரங்களில் கேட்பதே பயன் தரும்.