49 முகங்கள், ஒரு ஆல்பம்

2017 மார்ச் மாதம் நியூயார்க்கில் ஒரு பழைய போட்டோ ஆல்பம் ஏலத்துக்கு வந்தது. உள்ளே 49 படங்கள். பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். ஏலக் கமிஷன் எல்லாம் சேர்த்து அது போன விலை சுமார் 1,61,000 டாலர். வாங்கியது ஏதோ ஒரு கோடீஸ்வரர் என்று நினைச்சிடாதீங்க. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகமும் சேர்ந்து வாங்கின. ஒரே ஆல்பத்துக்கு இரண்டு பெரிய நிறுவனங்கள் கைகோர்க்க வேண்டிய அவசியம் என்ன?

யாருடைய ஆல்பம்?

எமிலி ஹாவ்லண்ட் (1827–1929) என்ற ஆசிரியையுடையது. நியூயார்க் மாநிலத்தின் கயூகா கவுன்டியைச் சேர்ந்தவர், அடிமை முறையை எதிர்த்தவர். உள்நாட்டுப் போர் நடந்தபோது, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த வர்ஜீனியா முகாமில் அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1864 புத்தாண்டு அன்று ஒரு தோழி அவருக்கு இந்த ஆல்பத்தைப் பரிசாகக் கொடுத்தார். நம்ம வீட்டு ஆல்பத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிற மாதிரி, இதில் அவருடைய நண்பர்கள், சக ஆசிரியர்கள், மாணவர்கள் இருக்கிறார்கள். நடுவில் செனட்டர் சார்லஸ் சம்னர், எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் போன்ற பிரபலங்களும் உண்டு. கடையில் விற்ற சார்லஸ் டிக்கன்ஸ் படம்கூட ஒன்று இருக்கு!

ஆனால் ஏலத்தில் எல்லோர் கண்ணும் ஒரே படத்தில்தான். அது ஹாரியட் டப்மன்.

டப்மன் அடிமையாகப் பிறந்தவர். 1849-இல் தப்பினார். தான் தப்பியதோடு நிற்கவில்லை. சுமார் 13 முறை திரும்பப் போய், ஏறக்குறைய 70 பேரை மீட்டு வந்தார். 1863-இல் கம்பாஹி ஆற்றில் நடந்த ராணுவத் தாக்குதலுக்கு வழிகாட்டினார். அன்று 700-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். இப்படிப்பட்டவரை மக்கள் பெரும்பாலும் வயதான பாட்டியாகத்தான் படங்களில் பார்த்திருந்தார்கள். இந்த ஆல்பத்தில் இருப்பவரோ நாற்பதுகளில் இருக்கும் பெண். கட்டம் போட்ட அகலப் பாவாடை, உடம்போடு பொருந்திய மேல்சட்டை, நாற்காலி முதுகின் மேல் போட்ட கை. 1868–69 வாக்கில் ஆபர்ன் நகரத்தில் பவெல்சன் என்பவர் எடுத்த படம் இது. 2017 வரை வெளி உலகத்துக்கு இப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது.

இன்னொரு படம் ஜான் வில்லிஸ் மெனார்டுடையது. 1868-இல் அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். ஜெயித்தும் அவருக்கு இருக்கை தரவில்லை. இன்று அவருக்கென்று நமக்குத் தெரிந்த ஒரே போட்டோ இந்த ஆல்பத்தில்தான் இருக்கு. ஆல்பம் தொலைந்திருந்தால் முகமும் போயிருக்கும்.

கார்டு சைஸில் ஒரு புரட்சி

இதுக்குப் பின்னாடி ஒரு இன்ஜினியரிங் கதை இருக்கு. 1854-இல் பாரிஸைச் சேர்ந்த டிஸ்டேரி என்பவர் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பல லென்ஸ் வைத்த கேமரா, ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டு படம் வரை. ஒரு தாளில் மொத்தமாக அச்சிட்டு, வெட்டி, சுமார் 6.4 × 10 செ.மீ. அட்டையில் ஒட்டுவார்கள். பெயர், கார்ட் தெ விசித். அதாவது விசிட்டிங் கார்டு.

இதனால் இரண்டு விஷயம் நடந்தது. முதலில் விலை இறங்கியது. அடுத்து, அளவு ஒன்றாகிவிட்டது. எந்த ஊர் ஸ்டூடியோவில் எடுத்தாலும் அட்டை கிட்டத்தட்ட ஒரே சைஸ் என்பதால், பக்கத்தில் ஜன்னல் வெட்டிய ரெடிமேட் ஆல்பம் வந்தது. படத்தை நண்பர்களோடு மாற்றிக்கொண்டு செருகி வைக்கலாம். அளவு பொதுவாகாமல் போயிருந்தால், தெரிந்தவர்களும் பிரபலங்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இந்த மாதிரி ஆல்பம் வந்திருக்காது.

ஏன் முழுசா வாங்கணும்?

டப்மன் படத்தை மட்டும் உருவி விற்றிருந்தால் அது ஒரு அரிய படம், அவ்வளவுதான். ஆல்பத்தோடு இருக்கும்போது இன்னொன்றும் சொல்லுது: இந்தப் பெண்ணை இந்த ஆசிரியை தன் வட்டத்தில் வைத்திருந்தார், இன்னின்னாருக்கு நடுவில் வைத்திருந்தார். படம் முகத்தைக் காட்டும், உறவைக் காட்டுவது ஆல்பம்தான். சில படங்களில் மையால் பெயரும் எழுதியிருக்கு. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை இங்கே நினைச்சுப் பாருங்க. வேறு யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அந்த முகம் நம்மிடம் வந்து சேர்ந்தது. இன்று முழு ஆல்பமும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இலவசம், போய்ப் பாருங்க.

சரி, நம்ம வீட்டு ஆல்பம்?

அந்தக் காலப் படங்கள் முட்டை வெள்ளைக்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளில் அச்சானவை. மஞ்சள் பாரித்தாலும் 150 வருஷம் தாண்டி நிற்குது. நம் அப்பா அம்மா கல்யாணக் கலர் படங்கள் அவ்வளவு தாங்காது. கலர் படத்தில் இருப்பது சாயம். பழைய பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கும், அதனால்தான் படம் செக்கச்செவேல்னு ஆகுது. பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் இன்னும் மோசம். அருங்காட்சியகங்கள், படத்தோடு வைக்கும் தாளும் பசையும் படத்தைக் கெடுக்குமா என்று ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனை வைத்துப் பார்த்த பொருள்களைத்தான் பயன்படுத்துகின்றன.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதைச் செய்யுங்க:

1. ஒட்டிக்கிட்ட படத்தைப் பிய்க்காதீங்க. பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் பண்ணுங்க, 600 டிபிஐ போதும்.
2. தனிப் படத்தோடு ஆல்பத்தின் முழுப் பக்கத்தையும் எடுங்க. வரிசையும் ஒரு தகவல்தான்.
3. படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீங்க, மறுபக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரமா எழுதலாம். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, தனித் தாளில் குறிச்சு வைங்க.
4. பரணும் குளியலறையை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வெப்பமும் ஈரமும்தான் முதல் எதிரி.
5. முக்கியமானது இதுதான். ஆச்சி, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் "இது யாரு, எந்த வருஷம், எந்த ஊரு?"னு கேட்டு போனில் ரெக்கார்ட் பண்ணுங்க.

மங்கிய நிறத்தை நாளைக்கு ஒரு சாஃப்ட்வேர் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அந்தப் படத்தில் ஓரமா நிற்கிற பெண் யார் என்பதைச் சொல்ல, ஆச்சியை விட்டால் ஆள் இல்லை.