சத்தம் கூட்டினால் போதுமா? உழவு இயந்திரத்துக்குக் கோர்ன் மாற்றியபோது கற்றவை

காலபோக அறுவடை நேரம். நாற்பது நெல் மூடைகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தருமபுரத்தில் இருந்து பரந்தன் பக்கமாக உழவு இயந்திரத்தில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஐயா சைக்கிளில் புல்லுக்கட்டுடன் போய்க்கொண்டிருந்தார். கோர்ன் அடித்தேன். அவர் திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை அடித்தேன். அவர் பின்னால் பார்க்காமலே வலப்பக்க ஒழுங்கைக்குச் சைக்கிளைத் திருப்பினார்.

பிறேக்கை மிதித்தேன். உழவு இயந்திரம் நிற்கப் பார்த்தது, பெட்டி நிற்கவில்லை. இரண்டரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம் பின்னால் இருந்து தள்ள, முன்பக்கம் வீதிக்குக் குறுக்காக இழுபட்டது. கடைசியில் என் முன்சில்லு அவருடைய சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இறங்கி ஓடிப்போனேன்.

"தம்பி, பின்னாலை வந்தது தெரியேல்லை. மாத்தளனிலை செல் விழுந்ததிலை இருந்து ரெண்டு காதும் மந்தம்" என்றார் ஐயா. என்னைவிட அவர்தான் நிதானமாக இருந்தார்.

மறுநாளே கராஜுக்குப் போய், இருப்பதிலேயே பெரிய சத்தம் போடும் காற்றுக் கோர்னைப் பூட்டச் சொன்னேன். பூட்டித் தந்தார்கள். வீதியில் போனவர்கள் எல்லோரும் விலகினார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நாலு நாள்தான். எங்கள் ஒழுங்கை முடக்கில் மாடு நிற்க, வழக்கம்போல அமத்தினேன். வேலியோரத்தில் தண்ணீர்க் குடத்துடன் நின்ற அயல்வீட்டு அக்கா குடத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பிள்ளையின் தலையை அமத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். நான் இயந்திரத்தை நிறுத்தி இறங்கும்வரை அவர் எழும்பவில்லை.

"உங்களிலை கோவம் இல்லை தம்பி. அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு தன்ரபாட்டிலை குனியுது" என்றார்.

அன்று பின்னேரமே அந்தக் கோர்னைக் கழற்றினேன். ஒருவருக்குக் கேட்கவே இல்லை. இன்னொருவரால் கேட்கவே முடியவில்லை. இருவரும் ஒரே வீதியில் நடப்பவர்கள். இருவருக்கும் பொதுவாக என்ன செய்யலாம் என்று தேடியபோது அறிந்துகொண்டவற்றை, பெட்டி இழுக்கும் எல்லோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

கோர்னின் சத்தத்தை ஓட்டுபவர் மதிப்பிட முடியாது

கோர்ன் முன்பக்கம் பார்த்தபடி பூட்டப்பட்டிருக்கும். நாம் அதற்குப் பின்னால், இயந்திரத்துக்கு மேலே இருக்கிறோம். கூடாரம் இல்லாத உழவு இயந்திரத்தில் ஓட்டுபவரின் காதில் விழும் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். அதற்குள் இருந்து கேட்டால் எந்தக் கோர்னும் மெலிந்துதான் கேட்கும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வேறொருவரை அமத்தச் சொல்லிவிட்டு நாம் இறங்கி ஐம்பது மீற்றர் முன்னால் போய் நின்று கேட்பது. நான் இதை ஒருநாளும் செய்திருக்கவில்லை.

டெசிபெல் கணக்கையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க, சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 2 மீற்றரில் 105 டெசிபெல் தரும் கோர்ன் 8 மீற்றரில் 93, 32 மீற்றரில் 81, 64 மீற்றரில் 75 டெசிபெல் தரும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் உழவு இயந்திரம் அந்த 64 மீற்றரைக் கடக்க ஏழு செக்கன்களுக்கு மேல் எடுக்கும். காது கேட்கும் ஒருவர் ஒதுங்குவதற்கு அது போதும்.

105 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011 இல் வாகனக் கோர்ன்களுக்கென ஒழுங்குவிதிகள் வெளியாகின. 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபெல், 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபெல் என்பதே அவை வைத்த எல்லை. பெரிய காற்றுக் கோர்ன்கள் இந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடியவை. பூட்டும்போது இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய கோர்னில் என்ன பிழை?

கழற்றிப் போட்டிருந்த பழைய கோர்னைத் திரும்பப் பூட்டி, மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தோம். இயந்திரம் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற் இருந்தது. கோர்னை அமத்தியபடி அதன் இரண்டு முனைகளிலும் அளந்தால் 9.5 வோல்ற். நாலு வோல்றுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோயிருந்தது.

அது தொலைந்த இடங்கள் மூன்று. ஒன்று, பொத்தானுக்குள் கறுத்துப்போயிருந்த செப்புத் தொடுகை. இரண்டாவது, பற்றரியில் இருந்து பொத்தானுக்குப் போய்த் திரும்பிக் கோர்னுக்கு வரும் நீளமான, மெல்லிய, பல இடங்களில் முறுக்கி ஒட்டிய வயர். மூன்றாவது, ஏர்த். பெயின்ற் அடித்த இரும்பின் மேலேயே ஆணியை இறுக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே துருவும் பிடித்திருந்தது.

புதிய கோர்ன் வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்த அளவை எடுத்துப் பாருங்கள். அமத்தும்போது பற்றரிக்கும் கோர்னுக்கும் இடையில் ஒரு வோல்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கோர்னில் பிழை தேடுவதற்கு முன் வயரில் தேட வேண்டும். என்னுடையதில் ஏர்த்தைச் சுரண்டி இறுக்கியதிலேயே பாதிச் சத்தம் திரும்பி வந்தது. தட்டைக் கோர்ன்களின் முதுகில் ஒரு சிறிய திருகாணியும் இருக்கும். சத்தம் கரகரத்தால் அதைக் கால் சுற்று அளவில் மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் முறுக்கினால் கோர்ன் ஊமையாகிவிடும்.

ஒன்றை எடுத்து இரண்டு பூட்டியது ஏன்?

செல் வெடிப்பு காதுச் சவ்வைக் கிழிக்கலாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்களையும் அழிக்கலாம். சவ்வு ஆறிவிடக்கூடும், மயிர்க்கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. பேரொலியால் கெட்ட காதுகளில் பெரும்பாலும் கீச்சென்ற உயர் ஒலிகளே முதலில் மறைகின்றன. ஆழமான ஒலிகள் ஓரளவு மிஞ்சியிருக்கும்.

இதிலே இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உள்காது பாதிக்கப்பட்டவருக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் சத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் மற்றவர்களைப் போலவே, சிலவேளை அதைவிடக் கூடுதலாக, காதைக் குடையும். கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் வலிக்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவர்களுக்குக் குறுகிவிடுகிறது. காது மந்தமானவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் சரி என்று நான் நினைத்தது அரைவாசிதான் உண்மை.

அதனால் ஒரே சுருதியில் கத்தும் ஒன்றுக்குப் பதிலாக, ஒன்று தாழ்ந்த சுருதியிலும் மற்றது உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும் சோடிக் கோர்ன் வாங்கினேன். கார்களுக்கு வரும் சாதாரண சோடிதான். தாழ்ந்தது ஏறத்தாழ 400 ஹேர்ட்ஸ், உயர்ந்தது 500 ஹேர்ட்ஸ். தட்டைக் கோர்னைவிட நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட கோர்னில் ஒலி கொஞ்சம் உருண்டு, மென்மையாக வரும், அதையே தெரிவுசெய்தேன். இரண்டும் சேர்ந்தால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரே அளவான இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். கிடைக்கும் இலாபம், ஒரு சுருதியைத் தவறவிடும் காது மற்றதைப் பிடிக்கக்கூடும் என்பதுதான்.

பூட்டும் முறை

ஒரு கோர்ன் 5 அம்பியர் வரை இழுக்கும், இரண்டும் 10 அம்பியர். பழைய பொத்தானும் வயரும் அதைத் தாங்கா. வயர் சூடாகும், பொத்தான் எரியும். அதனால் இடையில் ஒரு 12 வோல்ற் ரிலே போட வேண்டும். ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு கதவு. அதன் கால்களில் 30, 87, 85, 86 என்று எண்கள் பொறித்திருக்கும்.

பற்றரியின் நேர் முனையில் இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை 30 க்குக் கொண்டுவாருங்கள். அந்த வயரில், பற்றரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். 87 இல் இருந்து அதே தடிப்பு வயர் இரண்டு கோர்ன்களுக்கும் போகும். கோர்ன்களின் மற்ற முனைகள் பெயின்ற் சுரண்டிய வெற்று இரும்பில் ஏர்த்.

மிஞ்சுவது 85 உம் 86 உம். உங்கள் பழைய கோர்னுக்குப் பொத்தான் வழியாக நேர் மின் வந்தது என்றால், அந்தப் பழைய வயரை 86 இல் கொடுத்து 85 ஐ ஏர்த் செய்யுங்கள். நேர் மின் கோர்னில் எப்போதும் இருந்து, பொத்தான் ஏர்த்தை மட்டும் கொடுக்கும் வகை என்றால், நேர் வயர் 86 க்கும் பொத்தான் வயர் 85 க்கும். எது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை பல்ப்பை வைத்துப் பாருங்கள், அல்லது மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பியூஸ் இல்லாமல் பூட்டித் தந்தால் ஏற்காதீர்கள். உழவு இயந்திரம் நாள் முழுக்க அதிரும். வயரின் தோல் இரும்பில் உரசித் தேயும். பெட்டியில் வைக்கோலோடு போகும் வாகனத்தில் ஒரு பொறி போதும். என்னுடையதில் வயர் இரும்பைத் தொடும் இடமெல்லாம் பழைய இறப்பர் குழாயை வெட்டிச் சுற்றியிருக்கிறோம். கோர்னின் வாய் முன்பக்கம் பார்த்து, சற்றுக் கீழே சரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீரும் வயல் சேறும் உள்ளே நிற்காமல் வடியும்.

பூட்டிய பின் அளந்தபோது கோர்னில் 13.3 வோல்ற் வந்தது.

கோர்னால் செய்ய முடியாதவை

கோர்ன் முன்னால் இருப்பவருக்குத்தான். பெட்டிக்குப் பின்னால் வருபவருக்கு அது ஒரு உதவியும் செய்யாது. இரவில் பெட்டியின் பின்பக்கத்தில் சிவப்பு விளக்கோ ஒளிதெறிக்கும் பட்டியோ இல்லாவிட்டால், அது வீதியின் நடுவே நிற்கும் ஒரு இருட்டுச் சுவர். புதுக் கோர்னுக்குச் செலவழித்ததில் ஒரு பங்கு காசுக்கு அந்தப் பட்டிகளை வாங்கி ஒட்டிவிட்டேன்.

என் பெட்டிக்குத் தனிப் பிறேக் இல்லை. எங்கள் பக்கத்தில் பல பெட்டிகளுக்கு இல்லை. இழுக்கும் வாகனத்தின் பிறேக் மட்டும்தான் இரண்டையும் நிறுத்த வேண்டும். இடது வலது பிறேக் மிதிகளை வீதியில் ஓடும்போது கொளுவி இணைத்துவிட வேண்டும்; வயலில் தனித்தனியாக மிதித்த பழக்கத்தில் இணைக்க மறந்தால், ஒரு சில்லு மட்டும் நின்று வாகனம் சுழலும். அன்று நான் குறுக்காக இழுபட்டதற்குப் பாரம் மட்டும் காரணம் இல்லை. அந்தக் கொளுக்கியை நான் போட்டிருக்கவில்லை. இதை ஐயாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் சென்றது.

இந்த ஏ35 வீதி வழியாகத்தான் 2009 இல் பரந்தனில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எங்கள் சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் சட்டி பானையையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்தப் பாதையில் காதைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சத்தத்தை மறக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். வெளியே பார்க்க இரண்டு வகையினரும் மற்ற எல்லோரையும் போலத்தான் தெரிவார்கள். யாருக்கு எது என்று உழவு இயந்திரத்தின் மேல் இருந்துகொண்டு எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் இப்போது நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முன்னால் யாரும் முதுகு காட்டிப் போனால், ஐம்பது அறுபது மீற்றர் இருக்கும்போதே ஒருமுறை சின்னதாக அமத்துவேன். தலை திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் இன்னும் பலமாக அடிப்பதில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு, கியரைக் குறைத்து, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கக்கூடிய வேகத்துக்கு வந்துவிடுவேன். ஒழுங்கைக்குள் கோர்னைத் தொடுவதே இல்லை. மாடு நின்றால் இறங்கிக் கலைக்கிறேன்.

ஐயாவை இப்போதும் காண்பேன். அதே சைக்கிள், அதே புல்லுக்கட்டு. புதுக் கோர்ன் அவருக்குக் கேட்கிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

"சிலநேரம் கேக்குது தம்பி, சிலநேரம் இல்லை. நீ பாத்து வா" என்றார்.