கல்லீரல் நோயைக் கண்டறியும் இரு வழிகள்: ஸ்கேனும் சதைத் துணுக்கும்

மஞ்சள் காமாலை ஒரு தனி நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான அடையாளமே என்பதை அறியாமல், கண் மஞ்சளித்ததும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு நிறம் தெளிந்தால் நோயும் தீர்ந்தது என்று நம்பிவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் நெடுங்காலமாக உண்டு. கல்லீரலோ, பெரும்பகுதி பழுதான பின்னும் எஞ்சிய பகுதியைக் கொண்டே வேலையைச் செய்துவிடும் உறுப்பாதலால், புதுவையின் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டிலிருந்து ஒருவர் பிள்ளையார்குப்பத்து மருத்துவக் கல்லூரிக்கோ கோரிமேட்டு ஜிப்மருக்கோ வந்துசேரும் வேளையில் நோய் பல ஆண்டு முதிர்ந்திருக்கக்கூடும்.

அங்கே முதலில் செய்யப்படுவது இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் ஆகும். செவிக்கு எட்டாத ஒலியலைகளை உடலுக்குள் செலுத்தி, அவை திசுக்களில் மோதித் திரும்புவதைப் படமாக்கும் இக்கருவியில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. கொழுப்பு படிந்த கல்லீரல் ஒலியை மிகுதியாகச் சிதறடிப்பதால் அருகிலுள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். தழும்புநார் மண்டிக் கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் நிலையில் அதன் மேற்பரப்பு கரடுமுரடாகவும், மண்ணீரல் வீங்கியும், வயிற்றில் நீர் கோத்தும் (பழைய மருத்துவ நூல்கள் மகோதரம் என்பது இதையே) காணப்படும். எனினும் கல்லீரலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகப் படிந்த கொழுப்பையும், தொடக்கநிலைத் தழும்பையும் ஸ்கேன் தவறவிடக்கூடும் என்பதால், ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லை நோயே இல்லை என்று பொருள்கொள்வது பிழை.

உழைத்து மெலிந்த உடலுக்குக் கொழுப்புக் கல்லீரல் வராது என்ற எண்ணமும் அத்தகையதே. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில் 8.7 சதவீதத்தினருக்கு அந்நோய் இருந்ததும், அவர்களில் நான்கில் மூவர் பருமனற்றவர்களாக இருந்ததும் தெரியவந்தன. நெல் விளையும் பாகூர்ப் பகுதி மக்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

ஊரார் ‘சதை எடுத்துப் பார்ப்பது’ என்று அஞ்சும் பயாப்ஸி, ஸ்கேன் விட்ட இடத்தில் தொடங்குகிறது. விலா எலும்புகளுக்கிடையே மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, நோயாளி மூச்சை அடக்கியிருக்கும் சில நொடிகளில் மெல்லிய ஊசியால் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளத் துணுக்கு எடுக்கப்படுகிறது. 1958இல் இத்தாலிய மருத்துவர் மெங்கினி வகுத்த விரைவு முறை இதைப் பரவலாக்கியது. மெழுகில் பதித்துச் சீவிச் சாயமேற்றிய அத்துணுக்கில், அழற்சி எவ்வளவு, தழும்பு எந்தப் படியில் என்பதை நோயியல் வல்லுநர் பூச்சியத்திலிருந்து நான்கு வரை மதிப்பிடுகிறார். வலி பலருக்கு உண்டு. கடும் இரத்தக்கசிவு அரிது. அதற்காகவே உறைதல் அளவுகள் முன்னரே பார்க்கப்படுகின்றன, பின்னர்ச் சில மணிநேரம் படுக்கையில் கண்காணிப்பு தொடர்கிறது. இரத்தம் உறையாதவர்களுக்கும் வயிற்றில் நீர் மிகுந்தவர்களுக்கும் கழுத்துச் சிரையின் வழியே துணுக்கு எடுக்க இயலும். ஆயினும் அது கல்லீரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே என்பதால், நோய் திட்டுத்திட்டாகப் பரவியிருந்தால் ஊசி தொட்ட இடம் முழுமையைச் சொல்லாமல் போகலாம்.

இக்குறையாலும் அச்சத்தாலும், கல்லீரலின் விறைப்பை அதிர்வால் அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும், வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கணக்கிடும் ஃபிப்-4 மதிப்பும் இன்று பெரும்பாலோருக்கு ஊசியைத் தவிர்க்க உதவுகின்றன. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் நோயில், நீண்டகாலம் உட்கொள்ளவேண்டிய ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்குமுன் மருத்துவர்கள் பெரும்பாலும் அச்சிறு துணுக்கையே நாடுகிறார்கள்.